மூன்று சுழி

மகளுக்கு சாணக்யபுரி வினய் மார்கில் அரசுக் குடியிருப்பு. முதல் மாடி. குளிர்காலத்தில் அந்த வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்ப்பது பின்பக்கத்து பால்கனியில் மட்டும்தான். அதுவும் காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை. டெல்லியில் 56 குளிர்காலம் பார்த்தவனுக்கு அந்த மூன்று மணி நேரத்தின் விலை தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிடுவேன். எதிரே வேப்பமரம், அதற்கப்பால் ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்தின் கொடி, மதில் ஓரத்தில் அங்கீட்டியில் சுள்ளி எரித்துக் கைகாயும் காவலர்கள். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய தொழில் விடுமா?

இந்தப் பேட்டையின் தெருப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சத்யம், நீதி, நியாயம், வினயம், சாந்தி. மாறாத விஷயங்களாகத் தேடித் தேடி வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களோ யாரும் நிலையில்லை. தூதர் மூன்று வருஷம் இருப்பார், மூட்டை கட்டுவார். எங்கள் பக்கத்து அதிகாரிகளும் அப்படித்தான். மாதம் ஒரு லாரியாவது சாமான் ஏற்றிக்கொண்டு நிற்கும். போன வாரம் மகளுக்கும் மாற்றல் உத்தரவு வந்தது. கொல்கத்தா. "அப்பா, மார்ச்சுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்" என்றாள். வடஇந்தியாவின் குளிர்கால அலைகளெல்லாம் கிழக்கே போகிறவைதான், நீயும் போ என்று சொன்னேன். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. 79 வயதில் மனிதன் கேட்பது அசையாத ஒரு நாற்காலி. அதுகூட மாற்றலில் போகிறது.

நான் அசையாமல் இருக்க விரும்பிய ஆள். ஆனால் வாழ்நாள் முழுக்க அசைவதை அளந்து சம்பளம் வாங்கினேன். 1969-இல் வானிலைத் துறையில் சேர்ந்தேன். மேல்காற்று அளக்கும் பிரிவு, சஃப்தர்ஜங் பக்கம். குடியிருப்பு ஆர்.கே. புரத்தில், இரண்டு அறை. விடியற்காலை ஐந்தரை மணிக் கணக்கில் மேல்காற்று தெரிந்தாக வேண்டும். அதற்கு முன்னால் பலூன் ஏற வேண்டும். ஜனவரியில் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக, இதே சாணக்யபுரி ஓரமாகத்தான் சைக்கிளில் போவேன். ஹைட்ரஜன் அடைத்த பலூனை விட்டுவிட்டு, தியோடலைட்டில் கண்ணைப் பதித்து, நிமிஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயரக் கோணம், எந்தத் திசை என்று குறிக்க வேண்டும். இருட்டில் பலூன் தெரியாது. அதனால் கீழே நூலில் ஒரு காகித விளக்கு, உள்ளே மெழுகுவர்த்தி. கார்த்திகை தீபம் ஒன்று வானத்துக்குக் கிளம்பிப் போகிற மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் அந்தப் பலூன் தலைக்கு மேலேயே சோம்பேறியாக மிதக்கும். குளிர்காலத்தில் நடப்பதே வேறு. கொஞ்ச நேரம் நேராக ஏறும். பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல ஒரே ஓட்டம், கிழக்கே. கோணம் இறங்கிக்கொண்டே வரும். யமுனைக்கு மேலே ஒரு மினுக்கு, அவ்வளவுதான். ரேடியோ கருவி கட்டி அனுப்பும் பெரிய பலூனும் அப்படியே. தொடுவானத்தை ஒட்டிப் போய்விடும், சிக்னல் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்பது டெல்லி ஜனவரியில் சாதாரணம். வடஇந்தியாவின் தலைக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக, குளிர்காலம் முழுவதும் ஒரு காற்று நதி ஓடுகிறது. ஜெட் காற்று என்போம். கீழே புல்நுனிகூட ஆடாமல் பனி மூடிக் கிடக்கும் அதே விடியலில் மேலே அது பாய்ந்துகொண்டிருக்கும்.

இப்படி ஒரு காற்று இருப்பதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானியரான வாசாபுரோ ஓய்ஷி. 1920-களில், தாதேனோ என்ற ஊரில், எங்களைப் போலவே பலூன் விட்டு அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, அறிக்கையை எஸ்பராண்டோ மொழியில் எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மொழி, ஆகவே யாரும் படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மீது குண்டு போடப் போன அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் தடுமாறிய பிறகுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது. நல்ல செய்தியை யாருடைய வீட்டு மொழியிலும் சொல்லாவிட்டால் இந்தக் கதிதான்.

நதி என்று சொன்னேன். நதியில் சுழி இருக்குமே? பாபநாசம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது, குடமுருட்டிக் கரை. ஆடிப் புதுவெள்ளம் வரும்போது மதகுக்குக் கீழே சுழி போடும். "அந்தப் பக்கம் போகாதே, காலைப் பிடித்து இழுக்கும்" என்று பாட்டி கத்துவாள். இந்த மேல்காற்று நதியிலும் சுழிகள் வருகின்றன, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக. மத்தியதரைக் கடல், காஸ்பியன் பக்கம் பிறந்து, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக, நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் நடந்து நம் தலைமேல் வருகின்றன. குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து, சில மாதம் ஆறேழு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அதற்குப் பெயர் மேற்கத்திய இடையூறு, ஆபீசில் டபிள்யூ.டி. என்போம். இமயத்தில் பனி கொட்டுவதும், பஞ்சாப் கோதுமைக்குக் குளிர்கால மழை கிடைப்பதும் அந்த இடையூறால்தான். விவசாயி அந்த மழைக்கு மஹாவட் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறான். கோட்டுப் போட்டவனுக்கு மட்டும் அது இடையூறு. பத்திரிகைத் தமிழிலும் அப்படியே பெயர்த்துவிட்டோம்.

எனக்கு அந்தச் சொல் ஒரு காலத்தில் மிகவும் பிடித்திருந்தது. என் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர் என்று நினைத்தேன்.

டெல்லியில் வேலை என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்பது அந்தக் காலத்தில் டெல்லிக்கு வந்த தமிழர்களுக்குத் தெரியும். அரசு காரியமாக வருகிறவர்களுக்கு இதே சாணக்யபுரியில், கௌடில்ய மார்கில், தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. மற்ற தமிழ்நாடு முழுவதற்கும் எங்கள் இரண்டு அறைதான் இல்லம். இன்டர்வியூவுக்கு வரும் பையன்கள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வரும் நோயாளிகள், காசி முடித்து பத்ரி போகிறவர்கள், பத்ரி முடித்துக் காசி போகிறவர்கள், 'சும்மா தாஜ்மகாலைப் பார்த்துட்டுப் போயிடறோம்' என்று வருகிறவர்கள். என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். இடதுபக்கம் வந்த தேதி, வலதுபக்கம் போன தேதி. வரும்போது அவர்கள் கையில் கும்பகோணம் காப்பிப்பொடி, புளி, அப்பளம், வடாம், ஒருமுறை ஈரத்துணி சுற்றிய முருங்கைக் குச்சி. போகும்போது காஷ்மீர் ஆப்பிள், கஜக், பாலிகா பஜாரில் வாங்கிய ஸ்வெட்டர். தஞ்சாவூர் வெயிலில் அந்த ஸ்வெட்டரை யார் போட்டார்களோ தெரியாது.

வடமொழியில் விருந்தாளிக்கு அதிதி என்று பெயர். திதி பார்த்து வராதவர். தமிழில் விருந்து என்றால் பழைய பொருள் புதுமை. நான் இரண்டையும் ரசிக்கிற நிலையில் இல்லை. இரவு ட்யூட்டி முடித்துக் காலையில் வந்தால் என் படுக்கையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

1979 ஜனவரி. மனைவியின் தாய்மாமா ஒருவர் காசியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இறங்கினார். ஓய்வு பெற்ற திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி இருப்பார், நிஜத்திலும் வாத்தியார்தான். இரண்டு நாள் என்று வந்தவர். அந்த வருஷம் மூடுபனி. ஊருக்குப் போகும் வண்டி இன்றைக்கு இல்லை, நாளைக்கு, நாளை மறுநாள் என்று தள்ளித் தள்ளி எட்டு நாள் ஆயிற்று. எட்டாம் நாள் காலை, விறைத்த விரலோடு வீடு வந்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஸ்லோகம். மனைவியிடம் சொன்னேன், மெல்லச் சொன்னதாகத்தான் நினைத்தேன்: "இது வீடா, சத்திரமா?" ஸ்லோகம் நின்றது. அவ்வளவுதான். மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது அவர் பெட்டி இல்லை. வண்டி உண்டோ இல்லையோ, ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று போய்விட்டாராம். மனைவி நோட்டில் வலதுபக்கம் தேதி போட்டாள். என்னோடு மாதக் கடைசி வரை பேசவில்லை.

அந்த எட்டு நாளில் அவர் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. தெருவில் இந்தி, வீட்டில் பேச்சுத் தமிழ், எழுத்து பூஜ்யம். அவர் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அவள் விரலைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. மூன்றாம் சுழியில் தாம்பாளம் திரும்பாது, விரல்தான் திரும்பணும் என்பாராம்.

மாமா வந்து போன கதையை நான் ஆபீசில் ஒரு புலம்பலாகத்தான் சொன்னேன், அடுத்த வாரம், எங்கள் மூத்த அதிகாரியிடம். பாலக்காட்டுக்காரர். பேச்சில் பாதி மலையாளம், பாதி தமிழ், நடுநடுவே வெற்றிலை. பிஷரோட்டியின் எழுத்துகளில் ஊறியவர். பி.ஆர். பிஷரோட்டியும் பி.என். தேசாயும் 1956-இலேயே மேற்கத்திய இடையூறு பற்றி எழுதியிருந்தார்கள். எங்கள் தலைமுறைக்கு அதுதான் பால பாடம். நான் என் வீட்டு இடையூறுகளைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "தம்பி, சுழி ஓட்டத்தைத் தின்னுமோ, ஊட்டுமோ?" என்று கேட்டார்.

தின்னும் என்றேன். குடமுருட்டியில் பார்த்திருக்கிறேனே. ஓடுகிற தண்ணீரின் வேகம் கரையோரச் சுழியில் சிக்கி, சின்னச் சுழியாகி, இன்னும் சின்னதாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். தேன் கெட்டியாக இருப்பதால் மெல்ல ஓடுகிறது; சுழி போட்ட தண்ணீரும் அந்த மாதிரி மந்தப்படும்.

அவர் பழைய சார்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டார். "ஜனவரியில் 31 நாள் காற்றைக் கூட்டு, 31-ஆல் வகு. அது சராசரி. நீ பார்த்திருக்கியா அதை?" இல்லை. சராசரிக் காற்றை யாரும் பார்த்ததில்லை. எந்த நாளும் அது வீசுவதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடவோ குறைவோ, கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ விலகித்தான் வீசும். அந்த விலகல்களைத்தான் வந்துபோகும் சுழிகள் என்கிறோம். விலகல்களை எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வரும். வந்தே ஆக வேண்டும், சராசரி என்பதன் பொருளே அதுதான். "ஆக, மாசக் கடைசியில் எல்லா டபிள்யூ.டி.யும் சேர்ந்து பூஜ்யம். வந்தது, போச்சு. சரியா?" சரி என்றேன். "இப்போ கிழக்குப் பக்க விலகலை வடக்குப் பக்க விலகலால் பெருக்கு. ஒவ்வொரு நாளும். அப்புறம் கூட்டு."

பூஜ்யம் வரவில்லை.

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் பாலக்காட்டுச் சந்தையைத் துணைக்கு அழைத்தார். ஒரு பெண் கத்திரிக்காய் விற்கச் சந்தைக்குப் போகிறாள். போகும்போது நிறைகூடை, திரும்பும்போது காலிக்கூடை. போன நடையும் வந்த நடையும் சமம். சாயங்காலம் அவள் புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறாள். நடையைக் கூட்டினால் பூஜ்யம். ஆனால் கத்திரிக்காய் ஊர் மாறிவிட்டது. காற்றுச் சுழியும் அப்படி. ஜெட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் வேகம் வேறுவேறாக இருப்பதால், சுழியின் உருவம் வட்டமாக நிற்காமல் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த சுழியில் வடக்கே போகும் காற்று கிழக்கு வேகத்தை நிறைய ஏந்திப் போகும். தெற்கே திரும்பும் காற்று குறைவாகக் கொண்டு வரும். நிறைகூடை, காலிக்கூடை. சாய வைத்தது பெரிய ஓட்டம். அந்தச் சாய்வின் வழியாகவே சுழி வேகத்தைக் கடத்துகிறது. அதுவும் வேகம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு! இருக்கிறவனிடமே கொண்டுபோய்க் கொட்டுகிறது. குடமுருட்டி நியாயத்துக்கு நேர் எதிர்.

இதை முதலில் சந்தேகப்பட்டவர் ஹரால்ட் ஜெஃப்ரீஸ் என்ற ஆங்கிலேயர். நடு அட்சரேகைகளில் தரையை உரசிக்கொண்டு வீசும் மேற்குக் காற்று உரசலால் என்றைக்கோ நின்றிருக்க வேண்டுமே, யார் அதற்கு வேகம் கொடுக்கிறார்கள் என்று 1926-இல் கேட்டார். சுழிகள்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எண்ணிக் காட்ட அப்போது போதிய அளவீடுகள் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடுகள்தோறும் பலூன் ஏறத் தொடங்கியதும் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் விக்டர் ஸ்டார் என்பவர் கூட்டிப் பெருக்கிக் காட்டினார். 1968-இல் அவர் ஒரு புத்தகமே போட்டார். சுழி ஓட்டத்தை மந்தப்படுத்தாமல் வேகப்படுத்தும் இந்தப் பண்புக்கு எதிர்மறைப் பாகுநிலை என்று பெயர். ஓட்டத்தைத் தடுக்காமல் தானே தள்ளிவிடும் தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விறைத்த விரலால் குறித்த எண்களைப் போன்றவைதான் அந்தக் கணக்குக்கு மூலதனம் என்று அதிகாரி சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறைப்பானேன்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும்; பாதி சொல்லி நிறுத்தினால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. டெல்லிக்கு மேலே ஓடுகிற நம் ஜெட்டுக்குப் பெரும்பாலான வரவு தெற்கேயிருந்து வருகிறது. வெப்பமண்டலத்தில் மேலெழும் காற்று வடக்கே நகரும்போது, பூமியின் சுழற்சியால் கிழக்கு வேகம் பெற்று இங்கே வந்து சேர்கிறது. சுழிகள் இங்கேயிருந்து எடுத்து இன்னும் வடக்கே கொடுக்கின்றன. அங்கே, ஐரோப்பாவின் அட்சரேகையில், மேற்குக் காற்று உயிரோடு இருப்பது இந்தக் கொடையால். நம்முடையது கொடுக்கும் வீடு. அது வாங்கும் வீடு. மூட்டை சுமப்பவை வழிப்போக்கர்கள்.

வேகம் மட்டுமா, சூட்டையும் அவைதான் சுமக்கின்றன. குளிர்காலத்தில் தெற்குச் சூட்டுக்கும் வடக்குக் குளிருக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். கூடக் கூட மேல்காற்று வலுக்கும். ஓர் அளவுக்கு மேல் அந்த வித்தியாசத்தைத் தாங்கமுடியாமல் ஓட்டம் அலையாக மடியும். ஏன் மடிகிறது என்று 1947-இல் ஜூல் சார்னியும் 1949-இல் எரிக் ஈடியும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மடிந்த அலை சூட்டை வடக்கே ஏற்றி, குளிரைத் தெற்கே இறக்கி, வித்தியாசத்தைத் தணிக்கும். டெல்லிக்காரர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். டபிள்யூ.டி. வருவதற்கு முன்னால் இரவில் ரஜாய்ப் போர்வை கனக்கும், குளிர் விட்டுப்போகும். காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். மேகம், தூறல், ஒருநாள் மழை. அது போன பிறகு வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி வடமேற்கிலிருந்து குளிர் நுழையும். அதைத் தொடர்ந்து ஈரத்தில் பனி மூடும். காப்பிப்பொடி வந்தது, ஆப்பிள் போயிற்று, கதவு திறந்து கிடந்தது. என் மனைவியின் நோட்டுப் புத்தகமேதான்.

அன்றிரவு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். அதற்குப் பிறகும் முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் 'சத்திரமா' என்று இன்னொருமுறை கேட்கவில்லை. தாய்மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்தது. மூடுபனி பற்றி ஒருவரி, மகள் எழுத்து எப்படிப் போகிறது என்று இரண்டு வரி, நான் எழுதியதைப் பற்றி ஒன்றுமே இல்லை. அந்தத் தலைமுறை மன்னித்ததைக்கூடச் சொல்லிக்காட்டாது.

வந்தவர்கள் எல்லாம் நல்லதே செய்தார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்று போயிருக்கிறது. கடன் வாங்கியவர்கள் முகவரி மாறியிருக்கிறார்கள். வானத்திலும் உண்டு. பருவம் தப்பி வரும் டபிள்யூ.டி. பருவமழையோடு கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2013 ஜூன் கேதார்நாத் சாட்சி. 2023 ஜூலையில் இதே டெல்லியில் ஒரே நாளில் 153 மில்லிமீட்டர் கொட்டியதும் அப்படியொரு கூட்டணியில்தான். எந்த விருந்தாளியை எந்த நேரத்தில் உள்ளே விடுவது என்பது நம் கையில் இருந்தால், வானிலைத் துறையே தேவையில்லை.

மனைவி போய் ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரக்கூடாது என்றில்லை, இப்போது ஆன்லைனில் அறை கிடைக்கிறது, பையன்கள் கையில் மேப் இருக்கிறது. தவிர, அவளைப் பார்க்கத்தான் வந்தார்கள். அது அப்போது தெரியவில்லை. நான் விரும்பிய அமைதி எனக்குக் கிடைத்தது, ஒரு முழு வீடு நிறைய.

2024 ஜனவரியில் அப்படி ஓர் அமைதியை வானத்திலும் பார்த்தேன். மேலே ஜெட் காற்று குறைவில்லாமல் ஓடியது. சில நாள் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் வலுவான டபிள்யூ.டி. எதுவும் டெல்லிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துறையின் விளக்கத்திலும் அதுவே முதல் காரணம். கலைக்க ஆளில்லாத பனி வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தது. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு கார்கள் ஊர்ந்தன. எதிர் மதிலில் கொடி ஈரத் துணியாகத் தொங்கியது. பால்கனியில் நாற்காலி போட்டுப் பயனில்லாத மாதம் அது. மாதக் கடைசியில்தான் ஒரு மழை வந்து திரையை விலக்கியது. இதற்கு மாறாக 2022 ஜனவரியை நினைத்துப் பாருங்கள்: விருந்தாளி மேல் விருந்தாளி, 88.2 மில்லிமீட்டர், 1901-க்குப் பிறகு டெல்லி ஜனவரியில் அவ்வளவு மழை இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் ஒரே நாளில் 41.2 மில்லிமீட்டர், 1923-க்குப் பிறகு டிசம்பரில் ஒரு நாளில் பெய்த அதிக மழை. அன்று மகள் ஆபீசிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். சஃப்தர்ஜங் மழைமானியில் எவ்வளவு என்று நான் கேட்க, "தலையைத் துவட்டிக்கலாமா அப்பா, முதல்ல?" என்றாள்.

சொல்ல மறந்தேன். மழையை அளப்பது நமக்குப் புதிதில்லை. இந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்த சாணக்கியர் எழுதியதாகச் சொல்லும் அர்த்தசாஸ்திரத்திலேயே, களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ அகல வாய் கொண்ட பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொல்லியிருக்கிறது. எந்த நாட்டில் எவ்வளவு பெய்தால் போதும் என்ற கணக்கும் உண்டு. தன் பெயரில் இவ்வளவு தூதரகங்கள் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். எதிர்பார்த்திருந்தால் அவற்றுக்குள் எத்தனை ஒற்றர்கள் என்றுதான் முதலில் எண்ணச் சொல்லியிருப்பார்.

நேற்று காலை மகள் சாமான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். எதைக் கொல்கத்தாவுக்கு அனுப்புவது, எதைக் கொடுத்துவிடுவது. தமிழில்தான் எழுதுவாள், வேலைக்கார அம்மாளும் டிரைவரும் படிக்கக்கூடாதாம். காகிதத்தை எட்டிப் பார்த்தேன். 'தண்ணீர் ஜாடி', 'கண்ணாடி', 'அண்டா'. ண-வின் மூன்றாம் சுழியில் பேனா ஒருகணம் நின்று, அரிசித் தாம்பாளத்தில் நிற்பது போல நின்று, பிறகு திரும்புகிறது. அந்த மாமாவின் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதே இடத்தில் அவர் பேனாவும் நின்றிருக்கிறது. எட்டு நாள் தங்கிய மனிதர். வந்த தேதி இடதுபக்கம், போன தேதி வலதுபக்கம். கழித்துவிட்டால் கணக்கில் அவர் இல்லை.

மகள் தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பா, சொல்ல மறந்துட்டேன். பாபநாசத்துல அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன், யூ.பி.எஸ்.சி. இன்டர்வியூவாம். ஹோட்டல்லதான் போட்டிருந்தானாம், நான்தான் இங்க வந்துடுன்னு சொல்லிட்டேன். புதன்கிழமை வர்றான். உங்க ரூம்லதான் படுக்கணும், பரவாயில்லையா?"

காப்பிப்பொடி கொண்டு வரச் சொல் என்றேன். டிகிரி காப்பிக்கு, பாக்கெட்டில் வருவது வேண்டாம், அரைத்தது.

இன்று பால்கனியில் உட்கார்ந்து பார்க்கிறேன். காவலர்களின் அங்கீட்டிப் புகை காலையிலிருந்து மேற்கே சாய்கிறது. அப்படியென்றால் காற்று கிழக்கிலிருந்து. உயரத்தில், கோழிச் சிறகைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளைக் கோடுகள். நேற்றிரவு காலுறை இல்லாமலே தூங்கியிருக்கிறேன். செவ்வாய் ராத்திரியோ புதன் காலையோ மழை. பையனின் வண்டியும் இதுவும் ஒன்றாகவே வந்து சேரும்போல. பரணிலிருந்த உபரி ரஜாயை இறக்கிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்குப் போட்டிருக்கிறேன். கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. ஒன்றரைக்கு வெயில் நகர்ந்துவிடும். அதற்குள் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும்.